நண்பன் சொல்லாத வாக்கியம்

ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் என் நண்பனின் வீடு இருக்கிறது. ரப்பர் போய் செம்பனை வந்து, லயத்து வீடுகளில் பாதி காலியாகிவிட்ட தோட்டம். அந்த வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு தமிழ்ப் பத்திரிகைத் துணுக்கு பிளாஸ்டிக் உறைக்குள் நிற்கிறது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் அவன் மூன்றாவதாக வந்த செய்தி. படத்துக்குக் கீழே அவன் சொன்னதாக ஒரு வாக்கியம்: இந்தப் பதக்கத்தைத் தனக்கு முழு ஆதரவு வழங்கிய பல்கலைக்கழக நிர்வாகத்துக்குச் சமர்ப்பிப்பதாகவும், அடுத்த ஆண்டு இதைவிடச் சிறந்த அடைவை நோக்கி உழைக்கப் போவதாகவும்.

தீபாவளிக்குப் போகும்போதெல்லாம் அவன் அம்மா அதை எடுத்துக் காட்டுவார். "பாருப்பா, எவ்வளவு அழகா பேசியிருக்கான்." நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவேன்.

அந்த வாக்கியத்தை அவன் சொல்லவில்லை. நான் எழுதினேன்.

அப்போது ஓர் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுப் பிரிவுக்கு உதவும் மாணவர் செயலகத்தில் ஊடகப் பொறுப்பு என்னுடையது. இலக்கிய ஆர்வமெல்லாம் காரணமில்லை. மெரிட் புள்ளி இருந்தால்தான் அடுத்த ஆண்டும் விடுதியில் இடம் கிடைக்கும், அதற்காகச் சேர்ந்தேன். வேலை எளிது. கணினியில் ஒரு மாதிரி அறிக்கை இருக்கும், மலாயில், நான்கு பத்தி. முதல் பத்தியில் யார் என்ன வென்றார். இரண்டாவதில் நிர்வாகத்தின் பெருமிதம். மூன்றாவதில் விளையாட்டாளரின் கூற்று. நான்காவதில் அடுத்த இலக்கு. பெயரும் போட்டியும் மட்டும் காலியாக இருக்கும். மூன்றாவது பத்தியின் கூற்று முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். பதக்கத்தின் நிறத்தை மாற்றினால் போதும்.

அன்று திடலில் நடந்தது வேறு. மலாக்காவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பகுதிநேரத் தமிழ் நிருபர், அனுமதி அட்டை எதுவும் இல்லாமல், பார்வையாளர் இருக்கைகளுக்குக் கீழே நண்பனைப் பிடித்துவிட்டார். "எப்படி இருந்துச்சு தம்பி?" என்று கேட்டார். அவன் மூச்சு வாங்கியபடியே சொன்னான்: "கடைசி இருநூறுல கால் எரிஞ்சுச்சுண்ணே. சப்பாத்து என்னோடது இல்ல. கோச்சோட பழைய சப்பாத்து. அரை சைஸ் பெருசு, ரெண்டு காலுறை போட்டுக்கிட்டு ஓடுனேன். என்னோடது கிழிஞ்சு நாலு மாசம் ஆச்சு, கிளேம் இன்னும் வரல."

அதற்குள் அதிகாரி ஒருவர் வந்துவிட்டார். கோபப்படவில்லை, சிரித்தபடி பேசினார். கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள், பதில் முறைப்படி வரும் என்றார். என் பக்கம் திரும்பி, "நீ பார்த்துக்கொள்" என்றார். நிருபர் தன் கைப்பேசி எண்ணை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலை அவருக்குப் போனது நான்கு பத்தி அறிக்கை. சப்பாத்து அதில் இல்லை. கோச்சும் இல்லை.

*

இலக்கியம் பேசும் இதழில் விளையாட்டு அறிக்கைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். என் பதில் இதுதான்: நம்மூரில் நாவல் படிக்கிறவர்களைவிட இந்த வகை உரைநடையைப் படிக்கிறவர்கள் பல மடங்கு அதிகம். கதை, கவிதையை வரிவரியாகப் பிரிக்கிறோம். தினமும் கண்ணில் படுகிற இந்த உரைநடையை யாரும் விமர்சிப்பதில்லை.

கொஞ்சம் கவனித்துப் படித்தால் அதன் இலக்கணம் பிடிபடும். அதில் பேசுகிறவனுக்கு உடம்பு கிடையாது. வியர்வை, கால், வயிறு, தூக்கம் எதுவும் வராது. பணம் வராது. பெயர் சொல்லி நன்றி கூறப்படுபவர்கள் எல்லாரும் அவனுக்கு மேலே இருப்பவர்கள். 'சொன்னான்' என்ற வினை அங்கே இல்லை. 'குறிப்பிட்டார்', 'தெரிவித்துக்கொண்டார்' மட்டும்தான். வென்றவனும் தோற்றவனும் ஒரே குரலில் பேசுவார்கள். பத்து அறிக்கைகளில் பெயரை மறைத்துவிட்டு யார் பேசியது என்று கேளுங்கள், பேசியவனின் அம்மாவாலும் சொல்ல முடியாது.

தமிழில் இது வந்து சேரும் வழி இன்னும் விசித்திரம். நண்பன் பேசியது தோட்டத்துத் தமிழ். நான் எழுதியது அலுவலக மலாய். நாளிதழில் வந்தது மேடைத் தமிழ். 'கால் எரிஞ்சுச்சு' என்று கிளம்பிய பேச்சு இரண்டு மொழிமாற்றம் கடந்து 'சிறந்த அடைவு' என்று வீட்டுக்குத் திரும்பியது. தமிழன் தமிழனிடம் தமிழில் சொன்ன ஒன்று, தமிழ்ப் பத்திரிகைக்கு வர மலாய் வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. நிருபரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் காதால் கேட்டதைப் போட்டிருந்தால் அடுத்த முறை அழைப்பே போயிருக்காது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

*

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு ஒரு பெரிய தொழில். அங்கே ஊடகத்தை நிர்வகிப்பதற்கென்றே தனிப் பதவி உண்டு. அந்தப் பதவியில் இருப்பவர்களின் தொழில்முறைச் சங்கம் 1957-லேயே தொடங்கப்பட்டது. நிருபர் ஓர் ஆட்டக்காரரிடம் பேச வேண்டுமானால் அந்த அலுவலகத்தின் வழியாகத்தான் கேட்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை தலைமைப் பயிற்றுநர் மேசைக்கு முன் உட்காருவார். பயிற்சி பெரும்பாலும் மூடிய கதவுக்குள் நடக்கும். பல அணிகளில் முதலாண்டு மாணவர்கள் பேசக் கூடாது. அலபாமா பல்கலைக்கழகத்தில் 2007 முதல் 2023 பருவம் வரை பயிற்றுநராக இருந்த நிக் சேபன், உதவிப் பயிற்றுநர்களை ஆண்டில் ஒன்றிரண்டு சந்தர்ப்பங்கள் தவிர நிருபர்கள் முன் விட்டதில்லை. அணிக்கு ஒரே குரல், அது தலைமைப் பயிற்றுநரின் குரல் என்பது அவருடைய வழி.

பூட்டு அங்கேயும் பலமானதுதான். ஆனால் அந்தப் பூட்டுக்கு வெளியே ஒரு கூட்டம் நிற்கிறது. அமெரிக்கக் காற்பந்து எழுத்தாளர்களுக்கு 1941 முதல் சங்கம் இருக்கிறது; கதவைத் திறந்து வைக்கச் சொல்லி அது பேரம் பேசும். தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் ஆட்டம் முடிந்ததும் சிறிது நேரம் அணிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, உடைமாற்றும் அறையையே நிருபர்களுக்குத் திறந்துவிடுவார்கள். மேடையில் பேசியது சொல்லுக்குச் சொல் எழுத்தாகி எல்லார் கைக்கும் போகும். ஆட்டக்காரன் திக்கினாலும் அது பதிவாகும். அதனால் யாரும் அவன் வாயில் ஒரு வாக்கியத்தைச் சுலபமாகத் திணித்துவிட முடியாது. 2021 ஜூலையிலிருந்து மாணவ விளையாட்டாளர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம் என்றானபின், சொந்தக் குரலுக்கு ஒரு விலையும் வந்துவிட்டது.

அங்கே நிருபர்கள் அதிகம், அதனால் பூட்டு. இங்கே ஒரே ஒரு ஆள் மோட்டாரில் வருகிறார், அவருக்கும் பூட்டு. பொறியியல் படித்தவனுக்கு இது உறுத்தும். அழுத்தமே இல்லாத குழாய்க்கு எதற்கு இத்தனை கனமான வால்வு?

அந்த அமெரிக்கக் கல்லூரி உலகத்துக்குள் நம் பெண் ஒருத்தி போய் வந்திருக்கிறார். கெடா, சுங்கை பட்டாணியைச் சேர்ந்த சுவர்ப்பந்து வீராங்கனை சிவசங்கரி சுப்ரமணியம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து அதன் அணிக்கு விளையாடியவர். 2022-இல் மோசமான கார் விபத்தில் சிக்கினார். அடுத்த ஆண்டு ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கம் வென்றார். விபத்தையும் தங்கத்தையும் பற்றித் தமிழில் நிறையப் படித்திருக்கிறேன். ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் பனி கொட்டும் ஊரில் படித்துக்கொண்டே எப்படி விளையாடினார், பயிற்றுநர் அவரிடம் எப்படிப் பேசினார், இங்கே கிடைக்காத எது அங்கே கிடைத்தது என்பதைத் தமிழில் நான் தேடியவரை விரிவாகப் படிக்கக் கிடைக்கவில்லை. எனக்கு வேண்டியது அதுதான். என் நண்பனின் தங்கச்சிக்கும் அதுதான் வேண்டும், அவளும் ஓடுகிறாள்.

*

இங்கே பூட்டு எங்கிருந்து வருகிறது? விளையாட்டுப் பிரிவு அதிகாரிகளின் குணத்திலிருந்து வருவதாக மாணவனாக இருக்கும்போது நினைத்தேன். சிரித்துப் பேசிய அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. பூட்டு சட்டத்தில் இருக்கிறது.

அரசுப் பல்கலைக்கழகம் ஒரு சட்டபூர்வ அமைப்பு. அதன் ஊழியர்களை 2000-ஆம் ஆண்டின் 605-ஆம் சட்டம் கட்டுப்படுத்துகிறது. முன் அனுமதி இல்லாமல் பொது அறிக்கை விடுவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு: 1993-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் நடத்தை விதிமுறைகளில் 19-ஆவது விதி. நம் நாட்டில் திடலில் விசில் ஊதுகிறவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள் அல்லது பல்கலைக்கழக ஊழியர்கள். பயிற்றுநர் என்று நாம் கூப்பிடுகிற ஆள் சட்டத்தின் கண்ணில் ஓர் அரசு ஊழியர். மாணவனின் காலில் யாருடைய சப்பாத்து இருந்தது என்று நிருபரிடம் சொல்லும் முன் அவர் தன் ஓய்வூதியத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாணவர்களுக்கு 1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம். 2010-இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அங்கே போனதற்காக மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்றது. பிறகு சட்டம் பல முறை திருத்தப்பட்டுவிட்டது. இன்றைய மாணவன் அரசியல் கட்சியில்கூடச் சேரலாம். ஆனால் சட்டம் தளர்ந்தாலும் பழக்கம் தளர ஒரு தலைமுறை ஆகும். என்னை யாரும் மிரட்டவில்லை. 'நீ பார்த்துக்கொள்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. 21 வயதில் எதை வெட்ட வேண்டும் என்று சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது. யோசித்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

*

2016-இல் வந்த 'ஓலா போலா' படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். சியூ கெங் குவான் இயக்கியது. 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்று, புறக்கணிப்பால் போகாமல் நின்ற மலேசியக் காற்பந்து அணியின் கதையைத் தழுவியது. அதில் வரும் கோல்காவலர் முத்து, 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்ட ஆர். ஆறுமுகத்தை நினைவூட்டும் பாத்திரம். அரங்கில் எங்கள் வரிசையே கைதட்டியது.

மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் படத்தின் சட்டகம் கண்ணில் பட்டது. கதையைத் திறப்பவள் ஓர் இளம் தொலைக்காட்சி நிருபர். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பழைய ஆட்டக்காரர் ஒருவரைத் தேடிப் போகிறாள். அவர் மனம் திறந்து பேசுகிறார். நெகிழ்ச்சியான ஏற்பாடு. ஆனால் படம் தன்னை அறியாமலே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது: நம் விளையாட்டாளர்கள் வாய் திறப்பது எல்லாம் முடிந்த பிறகுதான். அணியில் இருக்கும்வரை சங்கம் பேசும், அமைச்சர் பேசுவார், வர்ணனையாளர் பேசுவார். ஆடியவனுக்கு முடி நரைத்தபின் ஒலிவாங்கி வரும். ஆறுமுகத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 1988-இல் ஒரு கார் விபத்தில், முப்பத்தைந்து வயதில் போய்விட்டார். அவரைப் பற்றி நான் படித்தவை பெரும்பாலும் மற்றவர்களின் நினைவுகள். நீண்ட கைகளைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள். அவர் சொன்னது என்று என் நினைவில் ஒரு வரிகூட இல்லை.

மலாக்காவுக்கும் இதே கணக்குதான். டாக்டர் எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2017-இல் முறியடித்தவர் எங்கள் மாநிலத்துப் பையன் கைருல் ஹஃபிஸ் ஜந்தான். நாற்பத்தொன்பது ஆண்டுகள் நின்ற ஓர் எண் விழுந்தது. என்னைக் கேட்டால் அன்று இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, வளைவில் எப்படிச் சாய்வீர்கள், எந்தத் தடத்தில் ஓடினீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு ஒரு பக்கம் நிரப்பியிருப்பேன். விநாடியின் நூறில் ஒரு பங்குவரை எண்ணைத் துல்லியமாகக் காப்பாற்றும் நாம், ஓடியவரின் சொல்லை அந்த அளவுக்குக் காப்பாற்றுவதில்லை.

*

பழியை முழுக்கப் பல்கலைக்கழகத்தின் தலையில் போடுவதும் சரியில்லை. நம் தமிழ் விளையாட்டுப் பக்கங்களுக்கு அந்த அறிக்கை வசதியாக இருக்கிறது. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோனது. மிச்சமிருக்கும் நாளிதழ்களில் ஆளும் குறைவு, பணமும் குறைவு. திடலுக்குப் போகிற அதே நிருபர்தான் கோயில் திருவிழாவுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கும் போகிறார். அது புரிகிறது. எனக்குப் புரியாதது கேள்வி. திடலில் ஆள் கிடைத்தாலும் நாம் கேட்பது இரண்டுதான்: பெற்றோரின் தியாகம், இனத்தின் பெருமை. இரண்டும் உண்மை. ஆனால் ஓடுகிறவன் ஓட்டத்தைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறான். முதல் சுற்றை எத்தனை விநாடியில் முடித்தாய் என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். நாம் அவனைச் சமூகத்தின் சின்னமாக ஆக்கும்போது, பல்கலைக்கழகம் அவனை நிர்வாகத்தின் சின்னமாக ஆக்குகிறது. இரண்டிலும் ஆளைக் காணோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 19 வயசுப் பிள்ளை தோற்று அழுதுகொண்டிருக்கும்போது முகத்துக்கு நேரே ஒலிவாங்கியை நீட்டக் கூடாது. 2021-இல் நவோமி ஒசாகா செய்தியாளர் கூட்டத்துக்கு வர மறுத்து, 15,000 டாலர் அபராதம் வாங்கி, கடைசியில் பிரெஞ்சுப் பொதுப் போட்டியிலிருந்தே விலகினார். பேசாமல் இருக்கும் உரிமையும் உரிமைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மௌனத்தை ஒசாகாவே தேர்ந்தெடுத்தார். என் நண்பன் பேச விரும்பினான், பேசவும் செய்தான். அவன் மௌனத்தை நான் தேர்ந்தெடுத்தேன். பாதுகாப்பு என்று சொல்லி வைக்கப்படும் கதவின் சாவி பாதுகாக்கப்படுகிறவன் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்குப் பெயர் வேறு.

செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. அறிக்கையில் கூற்று என்று போட்டால் அவன் பேசிய மொழியில் ஒலிப்பதிவு இருக்கட்டும். பதிவு இல்லையென்றால் கூற்று வேண்டாம், நேரத்தையும் இடத்தையும் மட்டும் போடுங்கள். விளையாட்டு நுணுக்கம் பற்றிப் பயிற்றுநர்கள் பேசலாம் என்று பல்கலைக்கழகம் ஒரு பொது அனுமதிக் கடிதம் கொடுக்கட்டும். ஒவ்வொரு தடவையும் மேலே கேட்டு நிற்க வேண்டாம். பத்திரிகை, அறிக்கையைப் போடும்போது 'பல்கலைக்கழக அறிக்கையிலிருந்து' என்று ஒரு வரி சேர்க்கட்டும். வாசகன் மீதியைப் புரிந்துகொள்வான்.

*

இதை எழுதுவதற்கு முன் நண்பனைப் பார்க்கப் போனேன். இப்போது ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறான். மாமாக் கடையில் தே தாரிக் வைத்துக்கொண்டு எட்டு வருஷத்துக்கு அப்புறம் ஒருவழியாகச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"நீதான் எழுதுனேன்னு அன்னைக்கே தெரியும்டா. 'சமர்ப்பிக்கிறேன்'னு நான் எப்படா பேசிருக்கேன்?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"அம்மா படிச்சுக் காட்டுனாங்க. அவங்க முகத்தப் பாத்தேன். என்னத்த சொல்றது?"

கொஞ்ச நேரம் கழித்து, உண்மையில் நடந்ததை எழுதப்போகிறேன், சரியா என்று கேட்டேன். யோசித்தான்.

"சப்பாத்துக் கதைய எழுது. கோச் பேரு வேணாம். அந்த மனுஷன் இன்னும் வேலையில இருக்காரு. நாலு மாசமும் என் கிளேமுக்காக அவர்தான் ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குனாரு. அத வெளிய சொல்ல அவருக்கும் வாய் இல்ல."

அவரைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாது. திடலில் அன்று மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். நிருபர் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எந்தக் காலில் எத்தனையாவது அளவுச் சப்பாத்து என்பதுவரை தெரிந்த ஆள்.

அம்மாவின் அலமாரியில் இருக்கும் துணுக்கை என்ன செய்வது என்று கேட்டேன். "அது இருக்கட்டும்லா," என்றான். "அது அவங்களோடது." பிறகு கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். அந்தப் பழைய சப்பாத்து. ஆணிகள் துருப்பிடித்திருந்தன. திருப்பிக் கொடுக்கப் போனபோது கோச் வாங்கிக்கொள்ளவில்லையாம்.